பெருக்கிகளுக்கு ஒரு கண்கட்டுச் சோதனை

உங்கள் வீட்டில் இசை கேட்பதற்கு இரண்டு பெருக்கிகள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒன்று நீங்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருவது. விலை பத்தாயிரம் ரூபாய். மற்றொன்று நண்பர் இரவலாகத் தந்தது. விலை இரண்டு இலட்சம் ரூபாய். பழைய பெருக்கியில் ஒரு பாட்டைக் கேட்கிறீர்கள். பிறகு கம்பிகளைக் கழற்றிப் புதிய பெருக்கியில் மாட்டி அதே பாட்டைக் கேட்கிறீர்கள். என்ன வியப்பு! குரல் தெளிவாகிறது; மிருதங்கத்தின் தொப்பி கனமாக ஒலிக்கிறது; தம்புராவின் ரீங்காரம் அறை முழுவதும் பரவுகிறது. வீட்டிலுள்ளோரும் தலையசைக்கின்றனர். இனி இரண்டு இலட்சம் ரூபாய்க்கு வழி தேட வேண்டியதுதான் என்று தோன்றுகிறது.

சற்றுப் பொறுங்கள். நீங்கள் கேட்ட வேறுபாடு பெருக்கியிலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தாவது வந்ததா? இரண்டு இலட்சம் ரூபாய் செலவழிக்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை காண்பது நல்லது. ஒரு மல்டிமீட்டர், ஒரு நாணயம், பொறுமையுள்ள ஒரு நண்பர் ஆகிய மூன்றும் இருந்தால் வீட்டிலேயே விடை காணலாம். அது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெருக்கியின் வேலை

ஆம்ப்ளிஃபயர் என்று கடைகளில் சொல்லப்படும் கருவியையே இங்குப் பெருக்கி என்கிறோம். குறுந்தட்டுக் கருவியிலிருந்தோ கணினியிலிருந்தோ வரும் மின்குறி மிகவும் வலுவற்றது. உச்ச அளவிலும் அது ஏறத்தாழ 2 வோல்ட்டுதான். அதிலிருந்து எடுக்கக்கூடிய மின்னோட்டமோ மிக அற்பம். ஸ்பீக்கரின் கூம்பை அசைத்துக் காற்றை அதிர வைக்க அது போதாது. 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 50 வாட் ஆற்றல் தர வேண்டுமானால் 20 வோல்ட்டு அழுத்தமும் 2.5 ஆம்பியர் மின்னோட்டமும் தேவை. வலுவற்ற மின்குறியின் வடிவத்தைச் சிறிதும் மாற்றாமல் அதை வலுவுள்ளதாக ஆக்கித் தருவதே பெருக்கியின் வேலை.

சிறிய புகைப்படத்தைப் பெரிதாக்கித் தருமாறு ஸ்டூடியோவில் கொடுக்கிறோம். மூக்கு நீளாமல், கண் சிறுக்காமல், படம் அப்படியே பெரிதாகி வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பெருக்கியிடம் எதிர்பார்ப்பதும் இதுவே. உள்ளே சென்ற வடிவத்துக்கும் வெளியே வந்த வடிவத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் திரிபு என்பர்.

1906-ஆம் ஆண்டில் லீ டி ஃபாரஸ்ட் மூன்று மின்முனைகள் கொண்ட வெற்றிடக் குழலை உருவாக்கியதிலிருந்து பெருக்கிகளின் வரலாறு தொடங்குகிறது. தொடக்ககாலப் பெருக்கிகளில் திரிபு மிகுதி. இதற்கு மருந்து கண்டவர் ஹெரால்டு பிளாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர். 1927 ஆகஸ்டு 2-ஆம் நாள் காலை ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குச் செல்லும்போது அவருக்கு ஒரு கருத்து உதித்தது. கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே அதைக் குறித்து வைத்தார். பெருக்கியிலிருந்து வெளிவரும் மின்குறியில் சிறு பகுதியைத் திருப்பி, எதிர்த்திசையில் உள்ளே அனுப்ப வேண்டும் என்பதே அக்கருத்து. அப்போது பெருக்கி தன் பிழையைத் தானே கண்டு திருத்திக் கொள்ளும். சைக்கிள் ஓட்டுபவர் வண்டி சாயும் பக்கம் பார்த்து நொடிக்கு நொடி கைப்பிடியைத் திருத்துவது போன்றது இது. இதற்கு எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர். 1947-இல் வில்லியம்சன் என்பவர் இம்முறையைச் சிறப்பாகக் கையாண்டு, 15 வாட் ஆற்றலில் திரிபு 0.1 விழுக்காட்டை எட்டாத பெருக்கி ஒன்றை வடிவமைத்தார். இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் நல்ல பெருக்கிகளிலும் திரிபு 0.01 விழுக்காட்டுக்கும் குறைவாக இருப்பதைக் காணலாம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. ஒரே புகைப்படத்தை இரண்டு திறமையான ஸ்டூடியோக்கள் பெரிதாக்கினால் இரண்டு படங்களும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும். அதுபோல இரண்டு பெருக்கிகள் தம் வேலையைச் சரியாகச் செய்தால், இரண்டின் ஒலியும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும். வேறுபாடு பெரிதாகக் கேட்டால், ஒன்று, இரண்டில் ஒரு பெருக்கியாவது வடிவத்தை மாற்றுகிறது. அல்லது நாம் ஒப்பிட்ட முறையில் ஏதோ கோளாறு இருக்கிறது.

காதை ஏமாற்றும் மூன்று காரணங்கள்

வேறுபாடு கேட்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு உண்மையாகவே அப்படிக் கேட்கிறது. ஆனால், நம் தீர்ப்பில் காது மட்டும் பங்கு கொள்வதில்லை. மூன்று காரணங்கள் இங்கே குறுக்கிடுகின்றன.

முதலாவது, ஒலியளவு. இரண்டு பெருக்கிகள் ஒரே மின்குறியை ஒரே அளவு பெருக்குவதில்லை. ஒன்று 20 மடங்கும் மற்றொன்று 28 மடங்கும் பெருக்கலாம். ஒலிக் குமிழைத் தொடாமல் இவற்றை மாற்றி மாற்றிக் கேட்டால், இரண்டாவது பெருக்கி ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆற்றலை அனுப்பிக் கொண்டிருக்கும். டெசிபெல் கணக்கில் இது 3 டெசிபெல். இவ்வளவு வேறுபாட்டை யாரும் கண்டுபிடிப்பர். வேறுபாடு அரை டெசிபெல்லாகக் குறையும்போதுதான் விந்தை நிகழ்கிறது. அப்போது 'இது சற்று உரக்க ஒலிக்கிறது' என்று மனம் சொல்வதில்லை. 'இது தெளிவாக இருக்கிறது, உயிரோட்டமாக இருக்கிறது' என்கிறது. இதற்கு ஓர் உடலியல் காரணமும் உண்டு. நம் காது எல்லாச் சுருதிகளையும் ஒரே கூர்மையுடன் கேட்பதில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933-இல் இதை அளந்து காட்டினர். ஒலி மெல்லியதாக இருக்கும்போது தாழ்ந்த சுருதிகள் நமக்கு மிகவும் மங்கிக் கேட்கின்றன. ஒலியளவைச் சிறிது கூட்டினால் அவை மற்றவற்றைவிட விரைவாக மேலெழுந்து வருகின்றன. மிருதங்கத்தின் தொப்பி கனமாக ஒலித்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது, நினைவு. பாட்டின் மெட்டையும் பாடகரின் குரலையும் நாம் பல ஆண்டுகள் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால், ஒலியின் நுண்ணிய தன்மையை அப்படியே பிடித்து வைக்கும் நினைவு சில வினாடிகளே நிலைக்கும். கம்பிகளைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார ஐந்து நிமிடம் ஆகிவிட்டால், நீங்கள் இரண்டு ஒலிகளை ஒப்பிடவில்லை. ஓர் ஒலியையும் அதைப் பற்றிய எண்ணத்தையும் ஒப்பிடுகிறீர்கள். திரும்பி வந்து அதே இடத்தில்தான் உட்கார்ந்தீர்களா என்பதும் ஒரு கேள்வி. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 சென்டிமீட்டர்தான். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால், தலை ஒரு சாண் நகர்ந்தாலே காதில் விழும் ஒலி மாறிவிடும்.

மூன்றாவது, எதிர்பார்ப்பு. கனமான அலுமினிய முகப்பும் பெரிய விலையும் கண்ணுக்குத் தெரிந்த பிறகு காது தனித்து நிற்க முடியாது. கனடாவைச் சேர்ந்த ஒலியியல் அறிஞர் ஃபிளாய்டு டூல், ஷான் ஆலிவ் என்பவருடன் சேர்ந்து 1994-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒலிக்கருவி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய 40 பேர் சில ஸ்பீக்கர்களை முதலில் திரைக்குப் பின்னாலும், பிறகு கண்ணால் பார்த்தும் கேட்டு மதிப்பெண் இட்டனர். கண்ணால் பார்த்தபோது பெரிய, அழகான ஸ்பீக்கர்களின் மதிப்பெண்கள் உயர்ந்தன. அதைவிடக் கவனிக்க வேண்டியது மற்றொன்று. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தால் ஒலி மெய்யாகவே மாறும். திரைக்குப் பின்னால் கேட்டபோது இந்த மாற்றத்தை உணர்ந்தவர்கள், பார்த்துக் கேட்டபோது அதைக் கோட்டை விட்டனர். கண் இல்லாத வேறுபாட்டைக் காட்டுவதோடு, இருக்கும் வேறுபாட்டை மறைக்கவும் செய்கிறது!

தேநீரும் குதிரையும்

இச்சிக்கலைத் தீர்க்க ஒலியியலுக்கு வெளியே இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன.

முதல் பாடம் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்திலிருந்து வருகிறது. புள்ளியியல் மேதை ஃபிஷர் அங்குப் பணியாற்றிய காலத்தில், உடன் பணிபுரிந்த அம்மையார் ஒருவர், கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா, தேநீரை ஊற்றினார்களா என்பதைச் சுவையைக் கொண்டே தம்மால் சொல்ல முடியும் என்றார். ஃபிஷர் அதைக் கேட்டுச் சிரிக்கவுமில்லை, அப்படியே நம்பவுமில்லை. சோதித்துப் பார்க்க வேண்டியது என்றே கருதினார். 1935-இல் வெளிவந்த தம் நூலில் அச்சோதனையை விளக்குகிறார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், வரிசை தாறுமாறாக இருக்கும். எட்டில் எந்த நான்கு என்று குருட்டாம்போக்கில் சொல்லி வெல்ல 70-இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. ஆகவே, ஒருவர் எட்டையும் சரியாகச் சொன்னால் அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. 'எனக்குத் தெரிகிறது' என்ற கூற்றை எண்ணிக்கையால் சோதிக்கலாம் என்பதே இதன் பாடம்.

இரண்டாவது பாடம் ஒரு குதிரையிடமிருந்து வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்னும் குதிரை கூட்டல் கழித்தல் கணக்குகளுக்குக் காலால் தட்டி விடை சொன்னது. 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் இதன் மர்மத்தை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை! தட்டுகளின் எண்ணிக்கை விடையை எட்டும்போது கேட்பவரின் உடலில் தம்மையறியாமல் தோன்றும் சிறு அசைவைக் கண்டே அது நிறுத்தியது. ஆகவே, சோதனைக்கு உட்படுபவருக்கு மட்டுமன்றி, அவர் எதிரில் நிற்பவருக்கும் விடை தெரியக் கூடாது. இதையே இருபுறக் கண்கட்டுச் சோதனை என்பர்.

பெல் ஆய்வுக்கூடத்தின் மன்சனும் கார்ட்னரும் 1950-இல் விவரித்த ஒரு சோதனை முறையும் உண்டு. முதலில் 'அ' என்ற ஒலி, பிறகு 'ஆ' என்ற ஒலி, அடுத்து இவற்றுள் ஏதோ ஒன்றான மறைபொருள் ஒலி. அந்த மூன்றாவது எது என்று சொல்ல வேண்டும். ஒலிக்கருவிகளை ஒப்பிட இன்று மிகுதியாகக் கையாளப்படுவது இம்முறையின் வளர்ந்த வடிவமே. 1982-இல் டேவிட் கிளார்க் என்பவர் பொத்தானை அழுத்தினால் இவற்றை மாற்றித் தரும் கருவியை விவரித்துக் கட்டுரை எழுதினார்.

நடந்த சோதனைகள்

பிரிட்டனின் குவாட் நிறுவனம் மூன்று தலைமுறைப் பெருக்கிகளை உருவாக்கியிருந்தது. 1953-இல் வந்த 'குவாட் 2' வெற்றிடக் குழல்களால் ஆனது, 15 வாட். 1967-இல் வந்த '303' டிரான்சிஸ்டர்களால் ஆனது, 45 வாட். 1975-இல் வந்த '405' புதுமையான மின்சுற்று கொண்டது, 100 வாட். ஜேம்ஸ் மோயர் என்னும் ஒலிப் பொறியாளர் இம்மூன்றையும் கேட்பவர்கள் அறியாதவாறு மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தார். முடிவுகள் 1978-இல் 'வயர்லெஸ் வோர்ல்டு' இதழில் வெளிவந்தன. பழகிய காதுகள் கொண்ட குழுவினராலும் தற்செயலைவிட மேலாக மூன்றையும் பிரித்தறிய முடியவில்லை.

1985-இல் அமெரிக்கப் பெருக்கி வடிவமைப்பாளர் பாப் கார்வர், 'ஸ்டீரியோஃபைல்' என்ற இதழின் ஆசிரியர்களுக்கு ஓர் அறைகூவல் விடுத்தார். அவர்கள் போற்றும் விலையுயர்ந்த பெருக்கி எதுவாயினும், தம் மலிவான பெருக்கியை அதைப் போலவே ஒலிக்கச் செய்வதாகக் கூறினார். சாண்டாஃபே நகரில் அவர்கள் ஒரு குழல் பெருக்கியைக் கொடுத்தனர். கார்வர் கையாண்ட முறை சுவையானது. இரண்டு பெருக்கிகளுக்கும் ஒரே இசையை அனுப்பி, ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதன் வெளியீட்டைக் கழித்து, மிஞ்சியதை அளந்தார். அந்த மிச்சம் சுருங்கச் சுருங்க இரண்டும் ஒன்றாகின்றன என்று பொருள். மின்சுற்றில் மாற்றங்கள் செய்து செய்து மிச்சத்தை 70 டெசிபெல் அளவுக்கு, அதாவது மூவாயிரத்தில் ஒரு பங்குக்கு இறக்கினார். ஆசிரியர்கள் நெடுநேரம் கேட்டும் இரண்டையும் பிரிக்க முடியாமல் ஒப்புக் கொண்டனர். பிறகு தொழிற்சாலையில் செய்து விற்ற பெருக்கிகளும் அதே அளவு பொருந்தினவா என்பதில் சர்ச்சை எழுந்தது. எனினும் ஒலியின் இயல்பை அளந்து நகலெடுக்க முடியும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

1987-இல் 'ஸ்டீரியோ ரிவியூ' என்ற அமெரிக்க இதழ் ஏறத்தாழ 220 டாலர் கருவியிலிருந்து ஏறத்தாழ 12,000 டாலர் குழல் பெருக்கி வரை பலவற்றை ஒப்பிட்டது. பெருக்கிகளின் ஒலி வேறுபடும் என்று உறுதியாக நம்பியவர்களும் நம்பாதவர்களும் அதில் பங்கேற்றனர். மொத்த விடைகளில் ஏறத்தாழப் பாதிதான் சரி. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவே கிடைத்திருக்கும்.

வேறுபாடு மெய்யாகவே கேட்கும் இடங்கள்

அப்படியானால் எல்லாப் பெருக்கிகளும் ஒன்றுதானா? இல்லை. அவற்றுக்கு இடையே மெய்யான வேறுபாடுகள் உண்டு. அவை எங்கே தோன்றும் என்பதும் தெரியும்.

முதலாவது, பெருக்கியின் உள்மறுப்பு. 8 ஓம் என்று எழுதப்பட்ட ஸ்பீக்கர் எல்லாச் சுருதிகளிலும் 8 ஓம் இருப்பதில்லை. ஒரு சுருதியில் 4 ஓமுக்கு இறங்கும். வேறொன்றில் 20 ஓமுக்கு ஏறும். ஒரு குழல் பெருக்கியின் உள்மறுப்பு 2 ஓம் என்று கொள்வோம். ஓம் விதிப்படி, 4 ஓம் உள்ள சுருதியில் அழுத்தத்தின் மூன்றில் இரண்டு பங்குதான் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும். 20 ஓம் உள்ள சுருதியிலோ பதினொன்றில் பத்துப் பங்கு கிடைக்கும். இரண்டுக்கும் இடையே 2.7 டெசிபெல் வேறுபாடு! காது இதை எளிதில் உணரும். உள்மறுப்பு 0.05 ஓம் உள்ள டிரான்சிஸ்டர் பெருக்கியில் இதே வேறுபாடு 0.1 டெசிபெல்லைக்கூட எட்டாது. குழல் பெருக்கிகளின் ஒலி வேறுபட்டுக் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இரண்டாவது, ஆற்றல் பற்றாக்குறை. 1 வாட்டுக்கு 86 டெசிபெல் ஒலி தரும் ஸ்பீக்கரில் சராசரி 1 வாட் அளவில் கேட்டுக் கொண்டிருக்கிறீர்கள். மிருதங்கத்தின் ஓங்கிய அடி ஒன்று சராசரியைவிட 20 டெசிபெல் மேலே எழுந்தால் அந்தக் கணத்தில் தேவைப்படும் ஆற்றல் 100 வாட். 30 வாட் பெருக்கி அப்போது அலையின் தலையைச் சீவிவிடும். சிறிய பெருக்கி உரத்த ஒலியில் கரகரப்பதும், பெரிய பெருக்கி அப்போதும் தெளிவாக இருப்பதும் கற்பனையல்ல.

மூன்றாவது, பின்னணி இரைச்சல். ஸ்பீக்கரின் அருகே காதை வைத்தால் கேட்கும் உஸ்ஸென்ற ஒலியும் மின்சார முரலும் சில பெருக்கிகளில் மிகுதி. இதற்குச் சோதனையே தேவையில்லை. இசையை நிறுத்திவிட்டுக் கேட்டால் போதும்.

வீட்டில் செய்து பாருங்கள்

1. ஒரே ஒரு ஸ்பீக்கரைக் கொண்டு தொடங்குங்கள். வேலையும் குறையும், கவனமும் சிதறாது. ஸ்பீக்கரையும் நாற்காலியையும் வைத்த இடத்திலிருந்து நகர்த்தாதீர்கள்.

2. இரண்டு பெருக்கிகளுக்கும் ஒரே மூலத்திலிருந்து மின்குறி செல்லட்டும். ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளையும் சேர்த்து மாற்றும் இருமுனைச் சுவிட்சு ஒன்றைப் பொருத்துங்கள். அது ஒரு பெருக்கியை முற்றிலும் விட்ட பிறகே மற்றதைத் தொடும் வகையாக இருக்க வேண்டும். இரண்டு பெருக்கிகளின் வெளியீடுகள் ஒரு கணமேனும் ஒன்றோடொன்று இணைந்தால் இரண்டும் பழுதாகலாம். குழல் பெருக்கியை ஸ்பீக்கர் இல்லாமல் வெறுமனே இயக்கக் கூடாது; அதன் வெளியீட்டு மின்மாற்றி கெட்டுவிடும். அதற்குச் சுமைத் தடை தேவை. இதில் பழக்கமில்லாதவர்கள் ரேடியோ பழுதுபார்ப்பவர் ஒருவரின் உதவியை நாடுவது நல்லது.

3. இனி, மிக முக்கியமான வேலை. 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரை மாறுமின்னழுத்தம் அளக்கும் நிலையில் வைத்து, ஸ்பீக்கரின் முனைகளில் அளக்கவும். முதல் பெருக்கியில் 2.00 வோல்ட்டு என்றால் இரண்டாவதிலும் 1.98-க்கும் 2.02-க்கும் இடையில் இருக்குமாறு குமிழைத் திருத்தவும். இது 0.1 டெசிபெல்லுக்குள் சமப்படுத்தியதற்கு ஒப்பாகும். குமிழ் இல்லாத பெருக்கியானால், கூடுதலாக ஒலிப்பதன் உள்ளீட்டில் ஒரு மாறுதடையை இணைத்துக் குறைக்கலாம். காதால் சமப்படுத்த முயலாதீர்கள். அதற்கு அவ்வளவு நுட்பம் கிடையாது.

4. இதே அளவை 60, 100, 1,000 ஹெர்ட்ஸ் ஒலிகளிலும் எடுத்துப் பாருங்கள். 400-இல் சமமாக இருந்த இரண்டும் வேறொரு சுருதியில் விலகினால், உள்மறுப்பு வேலை செய்கிறது என்று பொருள். மல்டிமீட்டரே உங்களுக்குத் துப்புக் கொடுத்துவிட்டது.

5. நண்பர் வேறோர் அறையில் நாணயத்தை 16 முறை சுண்டி வரிசையை எழுதிக் கொள்ளட்டும்: தலை விழுந்தால் 'அ', பூ விழுந்தால் 'ஆ'. பெருக்கிகளும் அவரும் திரைக்குப் பின்னால் இருக்க வேண்டும். அவர் பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது. மாற்ற வேண்டியதில்லை என்றாலும் ஒவ்வொரு முறையும் சுவிட்சை அசைத்துப் பழைய நிலைக்குக் கொண்டு வர வேண்டும். 'டக்'கென்ற ஓசையே விடையைக் காட்டிக் கொடுத்துவிடும்!

6. உங்களுக்கு நன்கு பழக்கமான இசையில் பத்துப் பதினைந்து வினாடித் துண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் 'அ', 'ஆ' இரண்டையும் கேட்டுவிட்டு மூன்றாவதைக் கேட்டு விடையை எழுதுங்கள். அவசரம் வேண்டாம். களைத்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். பதினாறும் முடியும் வரை தாள்களை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

எண்ணிக்கை சொல்வது என்ன?

குருட்டாம்போக்கில் எழுதினாலும் 16-இல் எட்டுச் சரியாக இருக்கும் என எதிர்பார்க்கலாம். ஒன்பதோ பத்தோ கிடைத்தால் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. 12 அல்லது அதற்கு மேல் தற்செயலாகக் கிடைக்க நூற்றில் நான்கு வாய்ப்பே உண்டு. ஆகவே, 12-ஐ எல்லையாகக் கொள்வது வழக்கம். ஆனால், ஒன்றை மறக்க வேண்டாம். இருபத்தைந்து பேர் இச்சோதனையைச் செய்தால் வெறும் தற்செயலாகவே ஒருவர் 12-ஐ எட்டிவிடலாம். எனவே 12 கிடைத்தால் மறுநாள் மீண்டும் செய்யுங்கள். இரண்டாம் முறையும் கிடைத்தால் வேறுபாடு மெய்யானது என்று நம்பலாம். அது உள்மறுப்பா, ஆற்றலா, இரைச்சலா என்று அடுத்துத் தேடலாம்.

எட்டோ ஒன்பதோ கிடைத்தால்? உலகில் எவருக்கும் வேறுபாடு கேட்காது என்று அதற்குப் பொருளல்ல. உங்கள் காதுக்கு, உங்கள் அறையில், அந்த ஸ்பீக்கரில், அந்த ஒலியளவில் கேட்கவில்லை என்பதே பொருள். ஆனால், நீங்கள் இசை கேட்கப் போவது அதே காதால், அதே அறையில்தானே! இரண்டு இலட்சம் ரூபாயைப் பற்றி முடிவெடுக்க அது போதும்.

அழகிய தோற்றத்துக்காகவோ, உறுதியான கட்டமைப்புக்காகவோ, குழல்கள் மாலையில் செந்நிறமாக ஒளிரும் காட்சிக்காகவோ ஒருவர் விலையுயர்ந்த பெருக்கியை வாங்கினால் அதில் தவறேதும் இல்லை; எதற்காக வாங்குகிறோம் என்பது தெரிந்திருந்தால் சரி. ஒலிக்காகத்தான் வாங்க வேண்டுமானால் முதலில் ஸ்பீக்கரையும் அறையையும் கவனியுங்கள். தாழ்ந்த சுருதிகளில் பல ஸ்பீக்கர்களின் திரிபு 1 விழுக்காட்டையும் தாண்டும். இது நல்ல பெருக்கியின் திரிபைப் போல் நூறு மடங்கு. வெற்றுச் சுவர்கள் கொண்ட அறையில் தாழ்ந்த சுருதிகள் இடத்துக்கு இடம் 10 டெசிபெல்லுக்கு மேலும் வேறுபடும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்துப் பார்ப்பதற்கும், சன்னலுக்குக் கனமான திரை போடுவதற்கும் ஆகும் செலவு மிகவும் குறைவு.

சோதனைத் தாளைக் கிழித்துப் போடாமல் நாளிட்டு வைத்திருங்கள். அடுத்த முறை யாரேனும் புதிய பெருக்கியைப் புகழ்ந்து பேசினால், அவரையும் அழைத்து அதே நாற்காலியில் உட்கார வைத்து, நாணயத்தை நீங்கள் சுண்டுங்கள்.